முற்றத்துக்கு வந்த கணக்கு

மாண்டிசோரி முறையில் எண் கற்பிக்க ஒரு மரப்பெட்டி உண்டு. 0 முதல் 9 வரை பத்து அறைகள், மொத்தம் 45 குச்சிகள். குழந்தை ஒவ்வொரு அறையிலும் அதற்குரிய குச்சிகளை எண்ணிப் போடும். 9 வரை போட்டு முடித்ததும் கையில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. எங்கேயாவது பிசகினால் குச்சியே காட்டிக்கொடுத்துவிடும், டீச்சர் வாய் திறக்கவே வேண்டாம். முதல் அறை எப்போதும் காலி. (நிரல் எழுதிப் பிழைப்பவன் நான், சுழியில் தொடங்கும் எதன்மீதும் ஒரு பாசம் வந்துவிடுகிறது.)

ஆனால் இந்தச் சாமான்களெல்லாம் விலை கூடியவை. பாவ்நகரில் 1920இல் தொடங்கிய பால்மந்திரில் கிஜுபாய் பதேகாவுடன் உழைத்த தாராபாய் மோதக்குக்கு அது நன்றாகவே தெரியும். 1945இல் அவர் அன்றைய தாணே மாவட்டத்தின் கடலோர ஊரான போர்டிக்கு வந்தார். இளம் வயதிலேயே கணவனை இழந்த அனுதாய் வாக் அங்கே அவரோடு சேர்ந்தார். பள்ளி திறந்தாயிற்று, தலித் குடியிருப்புப் பிள்ளைகள் வரவில்லை. சரி, நாமே போவோம் என்று அவர்கள் வீட்டு முற்றத்துக்கே போனார்கள். மராத்தியில் முற்றத்துக்கு அங்கண் என்று பெயர். அங்கன்வாடி அப்படி வந்த சொல்தான். பிறகு கோஸ்பாட் குன்றில், மாடு மேய்க்கும் வார்லிப் பிள்ளைகளைத் தேடி மேய்ச்சல் நிலத்துக்கே பள்ளி போனது.

கூழாங்கல், விதை, இலை இவைதான் அங்கே சாமான்கள். சும்மா கிடைப்பவை என்பதால் இதைச் சுலபமான வழி என்று நினைக்கிறோம். அப்படியில்லை. குச்சிக்குப் பதில் விதை வைக்கலாம், ஆனால் சரியாக 45 இருக்கவேண்டும். ஒன்று தொலைந்தாலும் சரியாகப் போட்ட குழந்தைக்கே கடைசி அறையில் ஒன்று குறையும். நீளத்தைக் காட்ட விதையும் உதவாது. மாண்டிசோரியின் பத்துக் கோல்கள் 10 சென்டிமீட்டரில் தொடங்கி ஒரு மீட்டர் வரை படிப்படியாக நீள்பவை; மூங்கிலில் செய்வதென்றால் யாராவது உட்கார்ந்து அளந்து வெட்டவேண்டும். மரப்பெட்டி செய்த வேலையில் பாதி இப்போது டீச்சர் தலையில்.

1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு 33 வட்டாரங்களில் குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அங்கன்வாடி என்ற பெயரை எடுத்துக்கொண்டது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல் பரிசோதனை என்று ஆறு சேவைகள்; முன்பருவக் கல்வி அதில் ஒன்று. நம்மூரில் பால்வாடி என்றதும் சத்துமாவும் முட்டையும் ஞாபகம் வரும், கணக்கு வராது. முட்டை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் சோறு போட்டு, எடை பார்த்து, பதிவேடு எழுதி முடித்த அதே அம்மாதான் சாயங்காலம் 45 விதைகளையும் எண்ணி எடுத்துவைக்கவேண்டும்.