சிறையில் எழுதிய பரீட்சை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள், செங்குன்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் புழலைத் தாண்டித்தான் போக வேண்டும். 1837-ல் கட்டிய பழைய சென்னை மத்திய சிறையை 2006-ல் மூடியபோது, கைதிகளை இங்கேதான் கொண்டுவந்தார்கள். அப்போது புழல் திருவள்ளூர் மாவட்டம்.

2022 மார்ச்சில் இந்தச் சிறையிலிருந்து ஜாமீனில் வெளியே வந்தார் பேரறிவாளன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. பேட்டரி வாங்கிக் கொடுத்ததாக வாக்குமூலம். 1998-ல் தூக்குத் தண்டனை. எதற்காக அந்த பேட்டரி என்பது தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் பதிவு செய்யவில்லை என, வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் ஓய்வுபெற்ற பிறகு, 2013-ல் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம்!

வழக்கின் சரி தப்பு இந்தப் பக்கத்தில் தீராது. அதே மனிதர் உள்ளேயிருந்து எழுதிய பரீட்சைகளுக்கு வருவோம். வேலூர் சிறையில் இருந்தபடி 2012 பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1096. பி.சி.ஏ., எம்.சி.ஏ. பட்டம் கொடுத்தது எது தெரியுமோ? ராஜீவின் அம்மா பெயரில் இயங்கும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

கிரண் பேடி திகார் சிறையின் ஐ.ஜி.யாக இருந்த காலத்தில், 1994-ல் அங்கே இந்தப் பல்கலைக்கழகம் படிப்பு மையம் திறந்தது. சிறையில் பாடம் நடத்துவது அதற்கும் முன்பே உண்டு. வ.உ.சி. கண்ணனூர்ச் சிறையில் சக கைதிகளுக்கு நீதி சொல்லிக் கொடுத்தார். பாவம், அவரிடம் படித்தவர்களுக்கு டிகிரி கிடையாது.

சிறைக்குள் எழுத்து என்றால் பெரும்பாலும் மனுதான். ஜாமீன் மனு, பரோல் மனு, கருணை மனு. வக்கீலோ எழுதத் தெரிந்த இன்னொரு கைதியோ எழுதித் தருவார். கீழே கையெழுத்து அல்லது கைநாட்டு. எல்லா மனுவிலும் ‘நான் இன்ன வழக்கில்...’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அசைன்மென்ட்டில் அந்த வரி கிடையாது. பாடத்தைப் படித்து, சொந்த நடையில், சொந்தக் கையால் பதில் எழுதணும். திருத்துகிற வாத்தியார் ஓரத்தில் குறிப்பு எழுதுவார், மார்க் போடுவார். வழக்கு எண் அவருக்கு எதற்கு?

2022 மார்ச் 9-ம் தேதி ஜாமீன் கொடுத்த உச்ச நீதிமன்றம், முப்பது வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்ததையும் நன்னடத்தையையும் உடல்நலக் குறைவையும் சொன்னதோடு, உள்ளே படித்து வாங்கிய தகுதிகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. மே 18-ம் தேதி, அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி விடுதலை செய்தது. அன்றைக்குப் பேரறிவாளனுக்கு வயது 50.