உரோமக் கல்வெட்டுகளின் எழுத்துச் சுருக்கங்கள்: ஒரு சமுதாய வரலாற்று நோக்கு

கல்வெட்டு வாசிப்பு ஒரு நுட்பத் துறை என்ற எண்ணமே பொதுவாக நிலவுகிறது. எழுத்தை இனங்காணுதல், சிதைந்த பகுதியை நிரப்புதல், காலத்தைக் கணித்தல் ஆகியவற்றோடு அதன் பணி முடிந்துவிடுவதாகக் கொள்வோர் பலர். உரோமக் கல்வெட்டுகளை முதன்முதலாக நோக்கும் மாணவருக்கு அத்துறை மேலும் கடினமாகத் தோன்றும். முழுச் சொற்கள் அவற்றில் அருகியும், புள்ளியிட்டுப் பிரித்த தனியெழுத்துகள் மலிந்தும் காணப்படுவதே அதற்குக் காரணம். அவ்வெழுத்துகளை விரித்து வாசிக்கும் நெறியைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், அவற்றுள் ஆளின் தகுதியைச் சுட்டும் மூன்று எழுத்துகள் உரோம சமுதாயத்தின் அமைப்பை எவ்வாறு வெளிப்படுத்துகின்றன என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம். அம்மூன்றெழுத்தும் எழுப்பும் வினா நல்லதண்ணியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் அந்நியமானதன்று என்பது இறுதியிற் காட்டப்படும்.

சுருக்கத்தின் நெறி

சுருக்கி எழுதும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. ஆண்டு, மாதம், நாள், மேற்படி ஆகியவற்றுக்குத் தமிழ் ஆவணங்களில் தனிக்குறிகள் உண்டு. இன்றும் தந்தை பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன்னே இடுகிறோம். உரோமர் வழக்கு இதனின்றும் வேறானது. அவர்தம் பெயரின் முன்னே நிற்கும் எழுத்து அவரவர் சொந்தப் பெயரையே குறிக்கும். ஆண்களுக்கு இடப்பட்ட சொந்தப் பெயர்களில் வழக்கிலிருந்தவை ஏறத்தாழப் பதினெட்டே. ஆதலால் ஓரிரு எழுத்துகளே அவற்றைச் சுட்டப் போதியனவாயின. 'எம்' மார்க்கஸ், 'எல்' லூசியஸ், 'பி' பப்ளியஸ். 'சி' என்பது கையஸ் எனப்படும் பெயரைக் குறித்தது. 'சி', 'ஜி' என்னும் ஈரொலிக்கும் ஓரெழுத்தே வழங்கிய பழங்காலத்தின் எச்சம் இது. பின்னர் 'ஜி' தனியெழுத்தாகப் பிரிந்தபோதும் பெயர்ச்சுருக்கம் மாறவில்லை.

பெயருக்கு அப்பால், திரும்பத் திரும்ப வரும் வாய்பாடுகளும் சுருக்கப்பட்டன. கல்லறையின் தலைப்பில் வரும் 'டி எம்' என்பது 'டிஸ் மானிபுஸ்', அதாவது இறந்தோரின் ஆவிகளுக்கு, என விரியும். இறுதியில் வரும் 'எஸ் டி டி எல்' என்பதன் பொருள் 'மண் உனக்குப் பாரமின்றி இருப்பதாக' என்பது. பன்மையை உணர்த்த எழுத்தை இரட்டித்தனர். 'ஏவிஜி' ஒரு பேரரசன். 'ஏவிஜிஜி' இரு பேரரசர்.

உரோம நகரின் பாந்தியன் கோவில் முகப்பிலுள்ள வாசகம் இந்நெறிக்குத் தக்க சான்றாகும். 'எம் அகிரிப்பா எல் எப் கொஸ் தெர்த்தியும் பேகிட்' என்பது அது. லூசியஸ் மகன் மார்க்கஸ் அகிரிப்பா மூன்றாம் முறை கொன்சலாக இருந்தபோது இதனை அமைத்தான் என்பது பொருள். இங்கு 'எப்' என்பது 'பீலியுஸ்', மகன். அதற்கு முன்னுள்ள 'எல்' தந்தையின் பெயராகிய லூசியஸ். ஆயின் இதே 'எல்' வேறோரிடத்தில் 'லிபேர்த்துஸ்', அதாவது விடுதலை செய்யப்பட்ட அடிமை, என்றும் பொருள்படும். எழுத்தின் பொருளை அது நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. வாசிப்பவரின் ஊகம் கல்லின் கூற்றோடு கலந்துவிடலாகாது என்பதற்காக 1931இல் லெய்டன் நகரிற் பொதுக்குறிகள் வகுக்கப்பட்டன. சுருக்கத்தின் விரிவு வளைவடைப்பினுள்ளும், சிதைவை நிரப்பும் எழுத்து பகர அடைப்பினுள்ளும் இடப்படும்.

இச்சுருக்கங்கள் கற்றோர்க்கே உரிய மறைமொழியாக இருக்கவில்லை. பெத்ரோனியஸ் இயற்றிய 'சத்திரிக்கோன்' என்னும் புனைகதையில் விருந்துக்கு வந்த விடுதலையாளன் ஒருவன், தனக்குக் கேத்திர கணிதம் தெரியாவிடினும் கல்லெழுத்து தெரியும் என்று பெருமைப்படுகிறான். உயர்கல்வி மறுக்கப்பட்டவனும் வாசிக்கவல்ல எழுத்து அது. அவனைப் பற்றிய செய்தியும் அவ்வெழுத்திலேயே அடங்கியிருந்தது.

மகன், விடுதலையாளன், அடிமை

சுதந்திர உரோமக் குடிமகன் தன் பெயரை முழுமையாகப் பொறிக்கும்போது தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும் தன் வாக்குரிமைப் பிரிவையும் சேர்த்தே பொறித்தான். சிசெரோவின் பெயர் முறைப்படி 'எம் துல்லியஸ் எம் எப் எம் என் கோர் சிசெரோ' என அமையும். மார்க்கஸ் மகன், மார்க்கஸ் பேரன், கொர்னேலியாப் பிரிவினன் என்பது விரிவு. இங்கு 'என்' என்பது 'நேபோஸ்', பேரன். சிசெரோவின் அடிமையாயிருந்த டீரோ கி.மு. 53இல் விடுதலை பெற்றதும் மார்க்கஸ் துல்லியஸ் டீரோ ஆனான். முறைப்படி எழுதின் அவன் பெயர் 'எம் துல்லியஸ் எம் எல் டீரோ' ஆகும். எசமானுக்கும் பணியாளனுக்கும் முதலிரு பெயர்களும் ஒன்றே. 'எப்' இருக்கவேண்டிய இடத்தில் 'எல்' நிற்பதே இருவரையும் பிரிக்கிறது. சுருக்கெழுத்து முறையொன்றை மரபு இந்த டீரோவின் பெயராலேயே வழங்கி வருகிறது.

இவ்வெழுத்து மாற்றத்தின் சமுதாயப் பொருள் ஆழமானது. உரோமச் சட்டத்தின் கண்ணில் அடிமைக்குத் தந்தை இல்லை. அவன் ஈன்றோரை அறிந்திருக்கலாம். சட்டம் அவ்வுறவை ஏற்கவில்லை. விடுதலை பெற்றபோதும் தந்தைக்குரிய இடத்தை முன்னாள் எசமானே பற்றிக்கொண்டான். விடுதலை பெறாதவனின் பெயரோடு எசமான் பெயர் ஆறாம் வேற்றுமையில், உடைமைப் பொருளில், வரும். 'அடிமை' எனப் பொருள்படும் 'செர்வுஸ்' என்பதன் 'எஸ்' சில வேளைகளிற் சேரும். பல வேளைகளில் அதுவும் விடப்படும்.

அடிமையை விடுவித்தவள் பெண்ணாயின் வேறொரு குறி வந்தது. 'சி' தலைகீழாகத் திருப்பிப் பொறிக்கப்பட்டது. அது 'கையா' என வாசிக்கப்பட்டு, எந்தப் பெண்ணையும் பொதுவாகச் சுட்டியது. உடைமைக்காரியாயினும் பெண்ணின் பெயர் அங்கே இடம்பெறவில்லை. அடிமை உடைமைச் சமுதாயத்தின் இருவேறு ஒடுக்குமுறைகள் ஈரெழுத்தினுள் இவ்வாறு ஒருங்கே பதிவாயின.

இலங்கையோடு தொடர்புற்ற ஒரு பாறையெழுத்து

மூத்த பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலின் ஆறாம் பகுதியில் இலங்கை பற்றிக் கூறும் செய்தி வரலாற்று மாணவர் அறிந்ததே. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பானின் விடுதலையாளன் ஒருவன், அரேபியாவைச் சுற்றிச் செல்கையிற் காற்றால் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தான். அத்துறையைக் குதிரைமலையோடு ஒப்பிடுவாருமுளர். வெவ்வேறு தலைகள் பொறித்த தெனாரிய நாணயங்கள் யாவும் ஒரே நிறையுடையனவாக இருந்தமை கண்டு வியந்த மன்னன், உரோமுக்குத் தூதர் நால்வரை அனுப்பினான். அவர்கள் குளோடியஸ் ஆட்சியில் (கி.பி. 41–54) அங்குச் சென்றனர் என்பது பிளினியின் கூற்று. அந்த விடுதலையாளனின் பெயரை அவர் குறிப்பிடவில்லை.

எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், நைல் நதிக்கரைக் கொப்தொசிலிருந்து செங்கடல் துறையாகிய பெரெனிக்கே செல்லும் வழியிலுள்ள வாடி மெனி என்னுமிடத்தில் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்ட இரு வாசகங்கள் உள்ளன. இவற்றை 1953இல் டேவிட் மெரெடித் ஆராய்ந்து வெளியிட்டார். 'பி அன்னியஸ் புளோக்காமஸ் உடைய லைசாஸ், 35ஆம் ஆண்டில் வந்தேன்' என்பது இலத்தீன் வாசகத்தின் சாரம். அதன் திகதி 'மூன்று நொன் யூல்' எனச் சுருங்கி நிற்கிறது. யூலை மாதத்து 'நோனே' 7ஆம் நாள். உரோமர் இருமுனை நாட்களையும் உள்ளடக்கிப் பின்னோக்கி எண்ணுவராதலின், மூன்றாம் நாள் என்பது யூலை 5 ஆகும். கிரேக்க வாசகத்தின் எகிப்திய மாதக் கணக்கு யூலை 2ஐத் தருகிறது. 35ஆம் ஆண்டு எகிப்தில் ஒகஸ்டஸ் ஆட்சி தொடங்கிய கி.மு. 30இலிருந்து எண்ணப்பட, கி.பி. 6 பெறப்படுகிறது.

இக்கணிப்பு பிளினியின் செய்தியை மீள்நோக்க வைத்தது. கி.பி. 6இலேயே புளோக்காமஸின் ஆட்கள் இவ்வழியில் இயங்கினராயின், இலங்கைப் பயணம் குளோடியஸ் காலத்துக்கு முற்பட்டதோ என ஆய்வறிஞர் வினவினர். அதே பெயருடைய குடும்பம் ஒன்று தலைமுறைகளாக இவ்வணிகத்தில் ஈடுபட்டிருக்கலாம் என்பதும் ஏற்கத்தக்க விளக்கமே. ஆயின் லைசாஸே இலங்கைக்கு வந்தவன் எனச் சிலர் கூறுவதைக் கல்லெழுத்து ஆதரிக்கவில்லை. விடுதலையாளனாயின் அவன் முறைப்படி பப்ளியஸ் அன்னியஸ் லைசாஸ் எனத் தன்னை எழுதியிருத்தல் வேண்டும். ஒற்றைப் பெயரும் உடைமை வேற்றுமையும் அவனை அடிமையாகவே காட்டுகின்றன. கடல் வணிகத்தின் ஊதியம் புளோக்காமஸுக்கு உரியது. பாலைவன வெயிலில் வழிநடந்தது லைசாஸ். பாறையில் அவன் தன் பெயரைப் பொறித்தபோதும் எசமான் பெயரைச் சேர்த்தே பொறித்தான்.

'எங்கள் எசமான்'

இலங்கையிற் பெருந்தொகையாகக் கிடைத்துள்ள உரோம நாணயங்கள் பிளினி கூறும் வெள்ளி நாணயங்கள் அல்ல. அவை பெரும்பாலும் 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்பு நாணயங்கள். அவற்றிற் பேரரசன் பெயருக்கு முன் 'டி என்' என்னும் ஈரெழுத்து வருகிறது. 'தொமினுஸ் நொஸ்தெர்', எங்கள் எசமான், என்பது அதன் விரிவு. 'தொமினுஸ்' என்பது அடிமை தன் உடைமைக்காரனை விளித்த சொல். அவ்விளியைத் தமக்கு வழங்குதலை ஒகஸ்டஸ் வெறுத்தார் எனச் சுவெத்தோனியஸ் எழுதுகிறார். முந்நூறாண்டுகளுக்குப் பின் அதுவே நாணயந்தோறும் வாய்பாடாயிற்று. வீட்டடிமையின் விளி பேரரசு முழுவதற்கும் பொதுவாகிவிட்டதை அந்த ஈரெழுத்து அமைதியாகக் கூறுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கி.பி. 212இல் கரகல்லா பிறப்பித்த ஆணையாற் பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவரும் குடியுரிமை பெற்றனர். அக்காலந்தொட்டுத் தந்தை பெயரும் வாக்குரிமைப் பிரிவும் கல்வெட்டுகளில் அருகி மறையலாயின. உரிமை பொதுவானதும் அதனை நிறுவும் எழுத்துக்குத் தேவை குறைந்தது எனக் கருத இடமுண்டு.

மலைநாட்டின் எழுத்தும் எண்ணும்

நல்லதண்ணி சிவனொளிபாத மலையின் அடிவாரம். அம்மலைக்குச் செல்லும் யாத்திரிகருக்குச் செய்த ஏற்பாடுகளை முதலாம் விசயபாகுவின் அம்பகமுவக் கல்வெட்டு விதந்து கூறுகிறது. தாழ்ந்த குலத்தோர் நின்று வழிபடத் தனியே கீழ்மேடை அமைத்த செய்தியும் அதிலுண்டு. ஆளின் தகுதியைக் கல்லிற் குறிக்கும் வழக்கம் இம்மலைப்பிரதேசத்திற்கும் பழையதே.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கு எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகர வில்லைகள் வழங்கப்பட்டன. 'டின் டிக்கெட்' எனப்பட்ட அவ்வில்லை, அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர், அவரது பயணச் செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கிற் சேரவேண்டும் என்பவற்றைத் தெரிவித்தது. அத்தொழிலாளர் அடிமைகள் அல்லர், கூலி பெற்றவர்கள். இவ்வேறுபாட்டை மறத்தல் வரலாற்று நோக்காகாது. எனினும் வில்லையிலே தந்தை பெயர் இல்லை. தோட்டத்தின் குறியே உண்டு என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அக்குறை 1948இல் பெருந்துன்பமாக முதிர்ந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் ஏற்கெனவே பிறந்திருந்த ஒருவர் வம்சாவளிக் குடியுரிமை பெறுவதற்கு அவரது தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். உரோமக் கல்லிலே 'எப்', 'என்' என்று பொறிக்கப்பட்ட அதே தந்தைவழிச் சங்கிலியைச் சட்டம் இங்குப் பத்திரமாகக் கேட்டது. தோட்டக் குறியாலும் செக்ரோல் எண்ணாலும் பதியப்பட்ட மூதாதையரின் பிறப்புக்குப் பலரிடம் பத்திரம் இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை இரு நாடுகளுக்குமிடையே பங்கிடவேண்டிய தொகையாகக் கொண்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்பது அதன் கணக்கு. நாடற்ற நிலை சட்டத்தளவில் நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

முடிவாக, ஒரு சமுதாயம் எதனை விளக்கத் தேவையில்லையெனக் கருதுகிறதோ அதனையே ஓரெழுத்தாற் சுருக்குகிறது. அடிமைமுறை உரோமருக்கு அத்தகையதாயிருந்தமையால் அதற்கு 'எல்' போதியதாயிற்று. சிலபோது அதுவும் வேண்டப்படவில்லை. அவ்வெழுத்தை விரித்து வாசிக்கும் ஆய்வாளர், மறைக்கப்பட்ட ஓர் உறவையே விரித்து வாசிக்கிறார். தகர வில்லைகள், செக்ரோல் ஏடுகள், தோட்டத்து மயானங்களின் எளிய கற்கள் ஆகியனவும் இத்தகைய வாசிப்பை வேண்டி நிற்கும் சாசனங்களே. அவை தேய்ந்து அழியுமுன் திரட்டப்படல் வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் எண்ணுக்கும் பின்னால் நின்ற ஆளின் பெயர், அவர்தம் தந்தை தாயரின் பெயரோடு, விரித்து எழுதப்படல் வேண்டும்.