80 வருடம் காத்திருந்த மோட்டார்

லேத் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழகியிருக்கும். டர்னர் மெஷினை நிறுத்துவார், மூடியைத் திறப்பார், பெல்ட்டைத் தூக்கிப் புல்லியின் வேறொரு படியில் போடுவார், மறுபடி ஓட்டுவார். வேகத்தை மாற்ற இவ்வளவு வேலை! பக்கத்திலேயே இன்னொரு மெஷினில் ஒரு சின்னக் குமிழைத் திருகினால் போதும், ஸ்பிண்டில் வேண்டிய வேகத்துக்கு வந்துவிடும். அந்தக் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பெட்டிதான் வேரியபிள் பிரீக்வென்சி டிரைவ், சுருக்கமாக வி.எஃப்.டி. (இதை 'இன்வெர்ட்டர்' என்றும் சொல்வார்கள். கரண்ட் போனால் வீட்டில் ஃபேன் ஓட்டும் இன்வெர்ட்டர் அல்ல.)

இந்தப் பெட்டியின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. மோட்டாரின் வேகத்தை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. அதைச் செய்து முடிக்க ஒரு நல்ல சுவிட்ச் இல்லாமல்தான் இத்தனை காலம் ஓடியது.

முதலில், வேகம் ஏன் மாற வேண்டும்? கடைசலில் முக்கியமானது, டூல் முனையைக் கடந்து நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் உலோகம் ஓடுகிறது என்பது. 20 மி.மீ. இரும்புக் கம்பி 500 ஆர்.பி.எம்மில் சுற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 31 மீட்டர். அதே 500இல் 200 மி.மீ. தட்டைச் சுற்றினால் 314 மீட்டர்! ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் என்றால் முனை கருகிப் போய்விடும். ஆகவே பெரிய வேலைக்கு மெதுவாக, சின்ன வேலைக்கு வேகமாக.

19ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலைகளில் ஒரே நீராவி எஞ்சின் கூரையடியில் நீளமான ஒரு தண்டைச் சுழற்றும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும். படிப்படியாக வெட்டிய புல்லியில் பெல்ட்டை மாற்றிப் போட்டால் மூன்று நான்கு வேகம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பிறகு மின்சார மோட்டார் வந்தது. இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸ் 1885இல் சுழலும் காந்தப்புலத்தைச் செய்து காட்டி 1888இல் வெளியிட்டார். அதே 1888 மே மாதம் நிக்கோலா டெஸ்லாவுக்கு அமெரிக்கக் காப்புரிமைகள் கிடைத்தன. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் டொலிவோ-டொப்ரொவோல்ஸ்கி மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரை உருவாக்கினார். கிட்டத்தட்ட இன்றைக்குப் பம்பு செட்டில் இருக்கும் அதே மோட்டார்தான். பிரஷ் கிடையாது, கம்யூட்டேட்டர் கிடையாது. உள்ளே சுற்றுவது கூண்டு மாதிரி கோர்த்த உலோகப் பட்டைகள். தேய்வதற்கு பேரிங்கைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை.

ஒரே ஒரு பிடிவாதம் மட்டும் உண்டு. 120ஐ அதிர்வெண்ணால் பெருக்கி, காந்த முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் அதன் வேகம். 50 ஹெர்ட்ஸில் நான்கு முனை மோட்டாருக்கு 1500 ஆர்.பி.எம். சுமை ஏறினால் 1440 பக்கம் இறங்கும். வேகத்தை மாற்ற வேண்டுமானால் அதிர்வெண்ணை மாற்ற வேண்டும். ஆனால் மின் நிலையம் ஊருக்கே 50 ஹெர்ட்ஸ் கொடுக்கும்போது ஒரு லேத்துக்கு மட்டும் 23 ஹெர்ட்ஸ் யார் கொடுப்பார்கள்?

1891இல் ஹாரி வார்டு லியோனார்டு என்ற அமெரிக்கர் வேறு வழி காட்டினார். ஒரு மோட்டார் டி.சி. ஜெனரேட்டரைச் சுழற்றும், அந்த ஜெனரேட்டரின் காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்தால் அதில் இணைந்த டி.சி. மோட்டாரின் வேகம் மாறும். அருமையாக வேலை செய்தது, லிஃப்ட், சுரங்கம், பெரிய மெஷின்கள் என்று பல பதிற்றாண்டுகள் ஓடியது. ஆனால் செலவுக் கணக்கைப் பாருங்கள்: ஒரு மெஷினை ஓட்ட மூன்று மெஷின் வாங்க வேண்டும்! சின்னப் பட்டறைக்காரர் பெல்ட்டிலேயே இருந்துவிட்டதில் ஆச்சரியம் இல்லை. 1930களில் ஜி.இ. நிறுவனத்தின் அலெக்சாண்டர்சன் வாயு நிரப்பிய தைராட்ரான் குழாய்களை வைத்து மோட்டார் ஓட்டிக் காட்டினார். அதுவும் பட்டறை வரை வரவில்லை.

1957இல் அதே ஜி.இ.யில் தைரிஸ்டர் பிறந்தது. கல் மாதிரி உறுதியான சுவிட்ச், ஆனால் பாதிச் சுவிட்ச் என்றுதான் சொல்ல வேண்டும். ஆன் செய்யலாம், ஆஃப் செய்ய முடியாது! கரண்ட் தானாகப் பூஜ்யத்துக்கு வந்தால்தான் அணையும். ஏ.சி. லைனில் கரண்ட் ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடும் என்பதால், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி டி.சி. மோட்டாரை ஓட்ட அது சுலபமாகப் பயன்பட்டது. 1960, 70களின் பல மெஷின்களில் ஸ்பிண்டிலுக்கு டி.சி. மோட்டார் வந்ததற்கும், கார்பன் பிரஷ் மாற்றுவது ஒரு நிரந்தர வேலையானதற்கும் இதுவே காரணம். டி.சி.யிலிருந்து புது அதிர்வெண்ணில் ஏ.சி. செய்ய வேண்டுமானால் தைரிஸ்டரை வலுக்கட்டாயமாக அணைக்கத் தனிச் சுற்று வேண்டும். ஜி.இ.யின் வில்லியம் மெக்மரே போன்றவர்கள் அந்தச் சுற்றுகளை வடிவமைத்தார்கள். 1964இல் பிரவுன் பொவேரி நிறுவனத்தின் ஷோனுங், ஸ்டெம்லர் இருவரும், டி.சி.யைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, துண்டின் அகலத்தை மாற்றி, மோட்டாருக்கு அலை போலத் தோன்றச் செய்யும் முறையை எழுதினார்கள். 1968இல் டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனம் வி.எல்.டி. 5 என்ற டிரைவைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரித்து விற்க ஆரம்பித்தது. டெஸ்லாவின் காப்புரிமைக்கும் இதற்கும் இடையே சரியாக 80 வருடம்.

அப்போதும் ஒரு குறை பாக்கி. மெதுவாகச் சுற்றும்போது மோட்டாருக்கு இழுவை போதவில்லை. மரை வெட்டும்போது ஸ்பிண்டில் திணறினால் வேலை போச்சு. மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கும் கரண்ட், இழுவை தரும் கரண்ட் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஆள முடியும் என்று ஜெர்மனியில் கார்ல் ஹாஸேவும், சீமென்ஸின் ஃபெலிக்ஸ் பிளாஷ்கேவும் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார்கள். இதுதான் வெக்டர் கண்ட்ரோல். கணக்கு கடினம், மைக்ரோபிராசசர் மலிவாகும் வரை அது பரவலாகவில்லை.

முழுச் சுவிட்ச் 1980களின் தொடக்கத்தில் வந்தது. ஐ.ஜி.பி.டி. என்ற அந்தச் சிப்பை ஜி.இ.யில் உருவாக்கியவர் ஜெயந்த் பாலிகா. 1948இல் சென்னையில் பிறந்து, 1969இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பி.டெக். முடித்தவர்! சின்ன மின்னழுத்தத்தால் ஆனும் செய்யலாம், ஆஃபும் செய்யலாம், வினாடிக்குப் பல ஆயிரம் முறை. 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் ஊர் செய்தித்தாள்களில் அதற்குக் கிடைத்த இடம் போதாது.

சுவிட்ச் வேகமானதும் புதுத் தலைவலி வந்தது. 415 வோல்ட் லைனில் டிரைவுக்குள் இருக்கும் டி.சி. சுமார் 587 வோல்ட். அது மைக்ரோ வினாடிக்குள் ஏறி இறங்கும்போது, கேபிள் நீளமாக இருந்தால் மோட்டார் முனையில் எதிரொலித்து இரண்டு மடங்கு வரை போகும். பழைய மோட்டார்களின் வைண்டிங் இதற்காகச் சுற்றப்பட்டதல்ல. 1990களில் வைண்டிங்குகள் கருகின, ஷாஃப்ட் வழியாகப் பாய்ந்த கரண்ட் பேரிங்குகளில் வரிவரியாகக் குழி போட்டது. டிரைவுக்கென்றே தனி மோட்டார், ஷீல்டு போட்ட கேபிள், இரண்டு முனையிலும் ஒழுங்கான எர்த், டிரைவை மோட்டாருக்குப் பக்கத்தில் வைப்பது எல்லாம் இந்த அடியில் கற்றவை.

இன்று டிரைவ் மாட்டுகிறவர் சந்திப்பதும் இந்த வரலாற்றைத்தான். லைன் வருவது ஆர், எஸ், டி முனைகளில். மோட்டாருக்குப் போவது யு, வி, டபிள்யு. மாற்றி லைனை யு, வி, டபிள்யுவில் கொடுத்தால் டிரைவ் அந்த நொடியே போய்விடலாம். சிங்கிள் ஃபேஸ் வாங்கி மூன்று ஃபேஸ் 230 வோல்ட் தரும் டிரைவ் என்றால், பெயர்ப்பலகையில் 230/400 என்று இரண்டு வோல்டேஜ் போட்ட மோட்டாரை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றிக் கட்ட வேண்டும். ஓடும்போது நடுவில் கான்டாக்டர் வைத்து மோட்டாரைத் துண்டிக்கக் கூடாது. மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். மூடியில் எழுதியிருக்கும் நிமிடங்கள் காத்திருக்காமல் கை வைப்பது உயிரோடு விளையாடுவது.

பிறகு எண்கள். அதிகம் காவு வாங்குவது அடிப்படை அதிர்வெண் என்ற ஒன்று. மோட்டாருக்கு ஹெர்ட்ஸுக்கு இத்தனை வோல்ட் என்று ஒரு விகிதம் உண்டு, 415 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 8.3. மரம் செதுக்கும் சி.என்.சி.யில் வரும் 24,000 ஆர்.பி.எம். ஸ்பிண்டில் 220 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், அதாவது 0.55. டிரைவில் 50 என்றே விட்டுவிட்டு ஓட்டினால் விகிதம் 4.4 ஆகும், எட்டு மடங்கு! ஸ்பிண்டில் புகைய அதிக நேரம் ஆகாது. மோட்டாரின் கரண்ட் அளவைப் பெயர்ப்பலகையிலிருந்து பார்த்துக் கொடுத்தால்தான் ஓவர்லோடில் டிரைவ் அதைக் காப்பாற்றும். கனமான சக்கை நிறுத்த மிகக் குறைந்த நேரம் கொடுத்தால், சுற்றும் சக்கின் ஆற்றல் டிரைவுக்குள்ளேயே திரும்பி, ஓவர்வோல்டேஜ் என்று டிரிப் ஆகும். பிரேக் ரெசிஸ்டர் அதற்குத்தான்.

இவ்வளவும் சரியாக அமைத்த பிறகும் பழைய டர்னர்கள் புல்லியைக் கழற்றி எறிவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் 2 எச்.பி. தரும் மோட்டார் 10 ஹெர்ட்ஸில் சுமார் 0.4 எச்.பி. மட்டுமே தரும், அதன் ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதால் சூடும் ஏறும். பெல்ட்டை மெதுவான படிக்கு மாற்றினாலோ 2 எச்.பி.யும் அப்படியே ஸ்பிண்டிலுக்கு வரும், இழுவையும் கூடும். அதனால் டிரைவ் மாட்டிய லேத்திலும் 200 மி.மீ. வார்ப்பிரும்புத் தட்டு வந்தால், டர்னர் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டை மெதுவான படியில் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் குமிழில் கை வைக்கிறார்.