மெட்டும் ஊரும்

ஊரைப் பாடுவது தமிழருக்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சி மதுரையையும், பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தையும் நம் கண்முன் நிறுத்துகின்றன. இவை புலவர் வழி. இதனருகே பொதுமக்கள் வழி ஒன்றும் உண்டு. ஊரார் வாயில் முன்பே வழங்கும் மெட்டை எடுத்துக்கொண்டு, சொல்லை மட்டும் மாற்றிப் பாடுவதே அது. இன்று வானொலி நிலையங்கள் தத்தம் நகரைப் பற்றி வெளியிடும் நையாண்டிப் பாடற் காணொளிகள் இந்த இரண்டாம் வழியில் வந்தவை.

இவ்விரு வழிகளும் கடல் கடந்து இங்கும் வந்தன. 1887இல் சதாசிவ பண்டிதர் சிங்கை நகர் அந்தாதி பாடினார். ஆறாண்டுகள் கழித்து, 1893இல் ரங்கசாமி தாசனின் குதிரைப் பந்தய லாவணி வெளிவந்தது. பந்தயம் காணச் செல்வோரைத் தொடர்ந்து சிங்கப்பூரின் தெருக்களையும் காட்சிகளையும் காட்டும் நூல் அது. லாவணியோ, மராத்தியர் ஆட்சியில் தஞ்சையில் வேரூன்றித் தமிழாகிவிட்ட மராத்திய வடிவம்.

மெட்டை இரவல் பெறுவது எளிமைக்காக மட்டும் என்று எண்ணுதல் தவறு. பழைய மெட்டு தன் பழைய பொருளையும் உடன் கொண்டுவருகிறது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் ஆண்டை நந்தனை அதட்டும் பாட்டுண்டு. சுப்பிரமணிய பாரதியார் அம்முறையைக் கைக்கொண்டு, திருநெல்வேலி ஆட்சியர் விஞ்ச், வ.உ. சிதம்பரனாரை அதட்டுவதாகப் பாடினார். கேட்டவர்க்கு விளக்கம் தேவைப்படவில்லை. வெள்ளை ஆட்சியர் ஆண்டையாகவும் தேசபக்தர் நந்தனாகவும் நொடியில் மாறிவிட்டனர். நூறு மேடைப் பேச்சுகள் செய்யாததை ஒரு மெட்டு செய்தது.

இதே ஆற்றலை 2017 சூலையில் மும்பை கண்டது. அங்குள்ள ரெட் எஃப்.எம். வானொலியின் அறிவிப்பாளர் மலிஷ்கா, தன்மேல் நம்பிக்கையில்லையா எனச் சோனு என்பவளைக் கேட்கும் மராத்திப் பாட்டின் மெட்டில், மாநகராட்சிமேல் நம்பிக்கையில்லையா என மும்பையைக் கேட்டார். சாலைப் பள்ளங்களும் மழைக்கால அவதியும் பாட்டாயின. காணொளி பரவியதும் மாநகராட்சியினர் அவர் குடும்பத்தார் வீட்டைச் சோதித்துக் கொசுப்புழு இருந்ததாக அறிவிப்பு அனுப்பினர். ஆளும் சிவசேனா உறுப்பினர்கள் 500 கோடி ரூபாய் மானநட்ட வழக்குத் தொடர வேண்டுமென்றனர். அவர் அஞ்சவில்லை. மறு ஆண்டு 'சாய்ராட்' திரைப்பாடலின் மெட்டில் பள்ளங்களைப் பற்றி மீண்டும் பாடினார். அது நகரை இழித்த பாட்டா? அன்று. தன் ஊர் என்ற உரிமையுள்ளவரே அதன் குறையைப் பாட முடியும்.

ஊர் சிறியதாயினும் பாட்டு நிற்கும். நியூயார்க்கைப் போற்றிய புகழ்பெற்ற பாடலொன்றின் மெட்டில், 2010இல் வேல்சு நாட்டு நியூபோர்ட் நகரைப் பாடினர் சிலர். பெருநகரின் பெருமிதத்தைச் சிற்றூருக்குச் சூட்டிய அந்தக் குறும்பை உலகமே இரசித்தது. ஆயினும், பதிப்புரிமையாளரின் முறையீட்டால் அது சில வாரங்களில் யூடியூபிலிருந்து நீக்கப்பட்டது. மெட்டு மக்கள் வாயில் இருந்தாலும் அதன் உரிமை வேறொருவர் கையில் இருக்கும் காலம் இது.

நம் நிலை யாது? 1946இல் மலாயா வானொலி தோன்றிய பின், தமிழ் ஒலிபரப்பு தோட்டத்து வீடுகளில் உறவினர்போல் இடம் பெற்றது. வாழ்த்து நிகழ்ச்சிகளில் நேயர் பெயரோடு தோட்டத்தின் பெயரும் ஒலித்தபோது, வரைபடத்தில் காணாத ஊரும் நாடறிந்த ஊராயிற்று. அவ்வூர்கள் இன்று எங்கே? பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் எனும் தோட்டங்களின் மக்கள் வாழ்ந்த இடத்தை இழந்து, வீட்டுக்காக நெடுங்காலம் போராடினர். புக்கிட் செந்தோசா போன்ற புதிய குடியிருப்புகளில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வேர்விட்டுள்ளனர்.

பால்மரத்தடியில் தாமறிந்த மெட்டுக்குத் தம் துயரைச் சொல்லாக்கிய மக்களின் வழிவந்தோர் இவர்கள். பெருநகரங்களைப் பாட ஆயிரம் பேர் உளர். பெயர் மாறிய ஊரையும், பெயரே மறையும் தோட்டத்தையும், புதிதாய்ப் பெயர் பெற்ற குடியிருப்பையும் யார் பாடுவது? அங்கு வாழ்வோரே பாடவேண்டும். புகழ வேண்டியதைப் புகழ்ந்தும், கேட்க வேண்டியதைக் கேட்டும் பாடவேண்டும். நம் வானொலிகள் அதற்குச் சில நிமிடங்கள் ஒதுக்குமாயின், நாளைய வரலாற்றாசிரியனுக்கு அதைவிடச் சிறந்த ஆவணம் வேறு வேண்டா.