பந்தி முடியுமுன் அணைந்த அடுப்பு

2006 தீபாவளிக்கு புனேயிலிருந்து ஊருக்குப் போக மூன்று டிக்கெட் எடுத்திருந்தேன். தங்கமணியும் பையனும் மட்டும் சென்னை ரயில் ஏறினார்கள். நான் ஆபீசில் ஒரு வெள்ளைப் பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தேன். பழைய தளம் ஒன்றை பிஎச்பி 4-லிருந்து 5-க்கும், டேட்டாபேஸ் இணைப்பைப் புதிய மைஎஸ்க்யூஎல்ஐ-க்கும் மாற்றியிருந்தோம். மாற்றியதும் பக்கம் காலி. பிழைச் செய்திகூட இல்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். 2000 மே மாதம் பிஎச்பி 4 வந்தது. பக்கத்தை உடனே அனுப்பாமல் பஃபரில் பிடித்துவைத்து, கடைசியில் நம் கால்பேக் ஃபங்ஷனிடம் கொடுத்துத் திருத்தும் வசதி அந்த வரிசையில் வந்ததுதான். எங்கள் கால்பேக், பக்கத்தில் விட்டிருந்த குறிகளை டேட்டாபேஸ் பார்த்து நிரப்பும். பழைய இணைப்பு வெறும் ரிசோர்ஸ் என்பதால் கடைசிவரை உயிரோடு இருந்தது. பிரச்சினையே வரவில்லை.

2004 ஜூலையில் வந்த பிஎச்பி 5, ஆப்ஜெக்டுகளுக்கு டிஸ்ட்ரக்டர் கொடுத்தது. ஸ்கிரிப்ட் முடிந்தபின் நடக்கும் வரிசை இதுதான்: முதலில் நாம் பதிந்துவைத்த ஷட்டவுன் ஃபங்ஷன்கள், அடுத்து ஆப்ஜெக்டுகளின் அழிவு, அதற்கப்புறம்தான் மிச்சமிருக்கும் பஃபர். மைஎஸ்க்யூஎல்ஐ இணைப்போ ஒரு ஆப்ஜெக்ட். எங்களுடையது ஒரேயொரு குளோபல் வேரியபிளில் இருந்தது. கால்பேக் ஓடும்போது அது போய்விட்டிருந்தது. கடைசிப் பந்திக்கு இலை போட்டபின் அடுப்பை அணைத்த கதை! கால்பேக்குக்குள் எதை அச்சடித்தாலும் திரைக்கு வராது. அதனால் பிழையும் கண்ணில் படவில்லை.

செஷனுக்கும் இதே தலைவலி இருந்தது. 5.0.5 முதல், செஷனை எழுதும் ஃபங்ஷன்களும் ஆப்ஜெக்டுகள் அழிந்த பிறகே கூப்பிடப்பட்டன. டேட்டாபேஸில் செஷன் வைத்தவர்கள், அதை முன்கூட்டியே எழுதி மூடும் ஒரு வரியைச் சேர்த்துத் தப்பித்தார்கள். 2012-ல் வந்த 5.4, இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் கொடுத்தது. அதே 5.4-ல் பஃபர் பகுதியையும் திருத்தி எழுதினார்கள். ஆனாலும் மேலே சொன்ன வரிசை மாறவில்லை.

எனக்கும் ஒரு வரிதான் மருந்து. ஸ்கிரிப்ட்டின் கடைசியில், இணைப்பு இருக்கும்போதே, பஃபரை நானே மூடினேன். பக்கம் வந்துவிட்டது. அப்போது ரயில் சோலாப்பூரைத் தாண்டியிருந்தது.

இப்போதும் புதிதாக ஆணி பிடுங்க வரும் பிள்ளைகளிடம் சொல்வேன்: திறந்ததைத் தானாக மூடட்டும் என்று விடாதீர்கள். அந்த ஒரு வரியின் விலை எனக்கு ஒரு தீபாவளி.