வேறு இன்ஜின் போட்ட அம்பாசிடர்கள்

அம்பாசிடரின் முன் சீட்டில் டிரைவரோடு சேர்த்து மூன்று பேர், நெருக்கினால் நாலு பேர்கூட உட்கார்ந்து போயிருக்கிறோம். சோபா மாதிரி நீண்ட அந்த சீட் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்ததால் கீழே இடம் காலியாகக் கிடந்தது. தரையிலிருந்து கியர் கம்பி முளைத்த பழைய அம்பாசிடரை முதன்முதலாகப் பார்த்தபோது, நடுவில் உட்காருகிறவர் முழங்காலை எங்கே வைப்பார் என்றுதான் நினைத்தேன். அது கம்பெனியிலிருந்து அப்படி வந்த வண்டி இல்லை. பட்டறையில் இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டையும் மாற்றியிருந்தார்கள்.

வெளிநாடுகளில் பழைய காருக்குப் பெரிய இன்ஜின் போடுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, வேகத்துக்காகச் செய்வது. நம் ஊரில் அது வயிற்றுப்பாட்டு விஷயம்.

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ல் அம்பாசிடரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் உடம்பு அது. கொஞ்ச காலத்தில் 1489 சிசி பி.எம்.சி. பெட்ரோல் இன்ஜின் வந்தது. முன்விளக்கும் கிரில்லும் மாறின. மார்க் 2, மார்க் 3 என்று பெயர் மாறியது. இன்ஜின் மட்டும் தலைமுறை தாண்டியும் அதேதான். லைசென்ஸ் காலத்தில் புது கார் வேண்டுமென்றால் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் இருக்கிற காரை எவரும் தூக்கிப் போடவில்லை. அந்தத் தகடும் அப்படி. தட்டி எடுத்தால் நிமிர்ந்துவிடும். உடம்பு கெட்டியாக இருக்க, இன்ஜின்தான் முதலில் களைத்தது.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்யை நிறுத்தியபோது பெட்ரோல் விலை எகிறியது நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. டீசலை அரசாங்கம் விலை தாங்கி வைத்திருந்தது. அந்தக் கட்டுப்பாடு முழுசாக விலகியது 2014 அக்டோபரில்தான். நடுவில் இருந்த நாற்பது வருஷ விலை வித்தியாசம்தான் இந்தக் கதையின் நிஜமான மெக்கானிக். பெட்ரோலில் ஓடும் டாக்சிக்காரருக்கு மாசக் கடைசியில் கையில் எதுவும் நிற்காது. மேட்டடார் வேன் இன்ஜின் ஏற்றிய அம்பாசிடர்கள் தெருவுக்கு வந்தது இப்படித்தான்.

கம்பெனியே 1980 வாக்கில் டீசல் அம்பாசிடர் விட்டது. 1489 சிசி, 37 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு அது போதாது. ஏற்காடு மலையில் குடும்பத்தோடு ஏறினால் பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். கருகருவென்று புகை வேறு. ஆனாலும் டாக்சிக்காரர்கள் அதைக் கும்பிட்டார்கள்.

பட்டறைக்காரர்கள் மட்டுந்தான் இப்படி ஒட்டுப்போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1984-ல் வந்த கான்டெசா, இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் உடம்பில் அம்பாசிடரின் அதே 1489 சிசி இன்ஜின். பார்க்க பட்டத்து யானை, இழுப்பதற்குப் பசு மாடு. பிறகுதான் ஜப்பானின் இசுசு 1800 சிசி இன்ஜினும் ஐந்து கியரும் கொடுத்தார்கள். பம்பாயில் பிரீமியர் கம்பெனி 1985-ல் ஃபியட் 124 உடம்புக்குள் நிசானின் 1171 சிசி இன்ஜினை வைத்து 118 என்.இ. என்று விற்றது. நம் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி அதே சமயத்தில் செய்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பிரிட்டனில் மூன்றரை லிட்டர் எட்டு சிலிண்டர் இன்ஜினோடு அறிமுகமான ரோவர் காரின் அழகான உடம்பை வாங்கி வந்து, அதற்குள் பழைய வேங்கார்டு வம்சத்து இரண்டு லிட்டர் இன்ஜினைத் திணித்தார்கள். ஸ்டாண்டர்டு 2000 என்று பெயர். மூன்று வருஷத்தில் கடை மூடியாயிற்று. ஒரு ஊர்க்கார பட்டறை மேஸ்திரியைக் கேட்டிருந்தாலே, வண்டி எடைக்கு ஏற்ற இன்ஜினை முதலில் பாருங்கள் என்று சொல்லியிருப்பார்.

கான்டெசா வண்டிகள் அடிபட்டு புதுப்பேட்டை போன்ற இடங்களுக்கு வரத் தொடங்கியதும் மெக்கானிக்குகளுக்கு வழி பிறந்தது. கான்டெசாவின் இசுசு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஜோடியாகவே எடுத்து அம்பாசிடரில் இறக்கினார்கள். ஜோடியாக எடுப்பதில்தான் சூட்சுமம். இன்ஜினை மட்டும் எடுத்தால் பழைய கியர்பாக்ஸோடு பொருத்த நடுவில் ஒரு தடித்த தகடு கடைய வேண்டும். கிளட்ச் பிளேட்டின் பல் கியர்பாக்ஸ் ஷாஃப்டில் உட்கார வேண்டும். அச்சு ஒரு மயிரிழை விலகினாலும் வண்டி உதறும். ஜோடியாக வந்தால் இந்தத் தலைவலி இல்லை. ஐந்தாவது கியரும் சும்மா கிடைக்கும். நெடுஞ்சாலையில் அதே வேகத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், கத்தாது.

வேறு வேலைகள் இருந்தன. இன்ஜின் உட்காரும் தாங்கிகளைப் புதிதாக வெல்டு செய்ய வேண்டும். ஸ்டியரிங் கியருக்கான கம்பிகளைக் கழற்றிவிட்டு, தரைத் தகட்டை வெட்டி கியர் கம்பிக்கு வழி செய்ய வேண்டும். கியர்பாக்ஸின் நீளம் மாறுவதால் பின் அச்சுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டை லேத்தில் கொடுத்து நீளத்தைச் சரிசெய்து, பேலன்சும் பார்க்க வேண்டும். பேலன்ஸ் பார்க்காமல் விட்ட வண்டியை அறுபது கிலோமீட்டரில் ஓட்டினால் கதவுக் கண்ணாடி எல்லாம் பஜனை பாடும். டீசல் இன்ஜினாக இருந்தால் அதன் கனத்தில் முன்பக்கம் தாழ்ந்துவிடும். முன்னாலிருக்கும் டார்ஷன் பாரை முறுக்கித் தூக்குவார்கள். இவ்வளவும் செய்த பல பேர் பிரேக்கைத் தொடாமல் விட்டது தப்பு. பழைய டிரம் பிரேக் பழைய வேகத்துக்கு அளந்து வைத்தது.

கம்பெனிக்கும் புத்தி வந்து 1990-களின் தொடக்கத்தில் அம்பாசிடரிலேயே இசுசு 1800 இன்ஜினும் ஐந்து கியரும் தரையில் கியர் கம்பியும் போட்டு விற்றது. மேஸ்திரிகள் கரித்துண்டால் தரையில் கோடு போட்டுச் செய்ததைக் கம்பெனி வரைபடம் போட்டுச் செய்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது கடந்த வண்டிக்கு வி.ஏ. எழுத்து சேர்ந்த தனி நம்பர். ஆனால் சேஸிஸ், உடம்பு, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலைப் பாதுகாப்பை நினைத்தால் அந்தத் தீர்ப்பு சரி. அந்த பிரேக் விஷயத்தைத்தான் சொன்னேனே.

பழம்பெரும் வண்டி விதி மட்டும் எனக்கு உறுத்துகிறது. 1965 மாடல் அம்பாசிடர் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பங்களா ஷெட்டில் துணி போர்த்தி நின்றது. அதன் இன்ஜின் அப்படியே இருக்கிறது. இன்னொன்று டீசலுக்கு மாறி, முப்பது வருஷம் பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஓடியது. முதல் வண்டிக்குப் பாரம்பரிய நம்பர். இரண்டாவது எடைக்கு எடை பழைய இரும்பு. இன்ஜின் மாற்றியிராவிட்டால் அது எண்பதுகளிலேயே புதுப்பேட்டைக்குப் போயிருக்கும். நம் சாலைகளின் சரித்திரம் எந்த வண்டியில் இருக்கிறது?

இரண்டாவது வகை வண்டி யாரிடமாவது இன்னும் இருந்தால் ஆர்.சி. புத்தகத்தின் பின்பக்கங்களைப் பாருங்கள். முறையாக மாற்றியதென்றால் பழைய இன்ஜின் நம்பரை அடித்து, புதியதை எழுதி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் முத்திரை வைத்து ஒரு பதிவு இருக்கும். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோலை அடித்து டீசல் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மை மங்கிக்கொண்டே வருகிறது.