கேப்டன் ட்ரைப்பும் கல்யாண ஆல்பமும்

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வர்றவங்க சரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்பு நூல் தெரியுதான்னு பார்ப்பாங்க. அதே கல்யாணத்துக்கு ஆல்பம் போடறப்போ மட்டும் பேப்பர் என்னன்னு கேக்கறவங்க கம்மி. "அதான் செல்போன்லயே படம் இருக்கே"ங்கறவங்களுக்காக ஒரு பழைய கதை, மக்களே.

லின்னேயஸ் ட்ரைப், மதராஸ் படையில கேப்டன். 1855-ல பர்மா போன தூதுக்குழுவோட போய்ப் படமெடுத்தார். அதுல 120 படத்தைத் தேர்ந்தெடுத்து 50 செட் போட்டார். கணக்குப் போட்டா 6000 பிரிண்ட்!

அப்புறம் மதராஸ் அரசாங்கத்தோட போட்டோகிராபர் ஆனார். 1857 டிசம்பர்ல மாட்டுவண்டியில சாமான் ஏத்திக்கிட்டு கிளம்பி ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர்னு சுத்தினார். நெகட்டிவ் பெரும்பாலும் மெழுகு பூசின காகிதம். வானம் வெறிச்சுன்னு விழும். அதனால நெகட்டிவ்லயே மேகம் வரைவார். போட்டோஷாப்புக்கு முப்பாட்டன் :-) தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பீடத்துக் கல்வெட்டை 21 படமா எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார்.

1859-ல புது கவர்னர் ட்ரெவெல்யன் வந்தார். இதெல்லாம் ஆடம்பரச் செலவுன்னு இழுத்து மூடிட்டார். ட்ரைப்பும் சீக்கிரமே கேமராவை ஓரங்கட்டிட்டார்.

ஆனா அந்த பிரிண்ட் எல்லாம் 2014-15-ல வாஷிங்டன், நியூயார்க், லண்டன்னு கண்காட்சிக்குப் போச்சு.

காஞ்சியில ஸ்டுடியோ வெச்சிருக்கற நண்பர்களே, கேமரா இப்போ எல்லார் கையிலயும் இருக்கு. உங்களைத் தனியா காட்டப்போறது பிரிண்ட்தான். பட்டுக்குச் சரிகை மாதிரி, ஆல்பத்துக்குப் பேப்பர். என்ன சொல்றீங்க?